லீவு நாளில் மைதானத்துக்கு வந்தவர்

குவின்ஸி, மாசசூசெட்ஸ்
3 மார்ச் 2019, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

  அம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது. போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று மழுப்பிவிடுகிறாள்.

போன வாரம் போனில் நீ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "யாரோ ஒரு பேஸ்பால் ரிப்போர்ட்டர் செத்ததுக்கா தொண்டை கட்டுற அளவுக்கு அழுத?" என்றாய். உன் கேள்வியில் தப்பு ஒன்றுமில்லை. அந்த மனிதரை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இதைப் போனில் சொல்லி விளங்கவைக்க என்னால் ஆகாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். ராத்திரி பனி கொட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தான் பனி வாரும் மண்வெட்டியைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் பெயர் நிக் கஃபார்டோ. பாஸ்டன் குளோப் பத்திரிகையில் 1989 முதல் எழுதியவர். அதற்கு முன்னால் எங்கள் குவின்ஸியிலிருந்து வருகிற பேட்ரியட் லெட்ஜரில் இருந்தார். பிறந்தது பக்கத்து ஊர் வேமத். நம்மூர்க் கணக்கில் பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் உள்ள தூரம்தான். வயது 62. போன மாதம் 21ஆம் தேதி, வியாழக்கிழமை, ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் மயர்ஸ் என்ற ஊரில், பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் பயிற்சி எடுக்கும் மைதானத்தில் சுருண்டு விழுந்திருக்கிறார். அணியின் மருத்துவக் குழு ஓடிவந்து பார்த்தும் பிழைக்கவில்லை. ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு லீவு. லீவு நாளிலும் மைதானத்துக்கு வந்திருக்கிறார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் ரயிலில் இருந்தேன். லீவு என்ற வார்த்தை வந்ததும் உன் முகம்தான் முன்னால் வந்தது. கல்யாண வீட்டில்கூட மூலையில் நின்று ஸ்கோர் கேட்டுக்கொண்டிருப்பாயே, அந்த முகம்.

நீ கிரிக்கெட் எழுதுகிறவன். இவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. பேஸ்பாலில் ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை, கிட்டத்தட்ட தினமும். அதில் பாதி வெளியூரில். அணியோடு கூடவே அலைகிற நிருபர் ஆட்டம் தொடங்க மூணு நாலு மணி நேரம் முன்பே மைதானத்துக்குப் போய்விட வேண்டும். இங்கே வீரர்கள் உடை மாற்றும் அறைக்குள் நிருபர்களை விடுகிறார்கள். ஆமாம், உள்ளேயே! நீ ஒரு பெரிய ஆட்டக்காரரிடம் தனியாக இரண்டு நிமிஷம் பேச எத்தனை பேருக்கு போன் போட வேண்டியிருக்கும்? இங்கே சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிற ஆளின் பக்கத்தில் போய் நின்று, "நேத்து அந்தப் பந்தை ஏன் விட்டே?" என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லலாம், திட்டலாம், முதுகைக் காட்டலாம். எதுவானாலும் மறுநாளும் அதே அறைக்குள் அதே ஆளின் முன்னால் போய் நிற்க வேண்டும். முந்தின நாள் அவரைப் பற்றிக் காரமாக எழுதியிருந்தால் கட்டாயம் போய் நிற்க வேண்டும். அது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம்.

அந்த அறைக்குள் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் போய்வந்தவர் கஃபார்டோ. இடையில் சில வருஷம் பத்திரிகை அவரை அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் மாற்றிவிட்டது. அங்கே போன நேரம், யாரும் எதிர்பார்க்காத 2001 சீசனில் பேட்ரியட்ஸ் அணி கோப்பையை வென்றது. அதை ஒரு புத்தகமாகவும் எழுதிவிட்டுத் திரும்பி வந்தார். டாம் கிளாவின் என்ற பெரிய பிட்சரின் (பந்து எறிகிறவரின்) கதையையும் அவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். கிளாவின் அட்லாண்டாவுக்கு ஆடினாலும் இந்த மாநிலத்துப் பையன். என்னவோ, இவருக்கு ஊர்ப் பாசம் கொஞ்சம் தூக்கல்தான்.

நான் அழுதது இதற்கெல்லாம் இல்லை. என் அழுகை அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்காக.

2001இல் நான் இங்கே வந்தபோது இருந்த வீடு உனக்கு போட்டோவில் தெரியும். மூன்று மாடி மர வீடு, எங்களுக்கு நடு மாடி. கீழே ஒரு கிழவி இருந்தார். அவர் வீட்டுக்காரர் ஃபோர் ரிவர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். தளத்தை 1986இல் மூடினார்கள், அவரும் கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மனசுக்குள் அந்தக் கிழவியை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். அத்தான் காலையில் போனால் ராத்திரிதான். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, காரோட்டத் தெரியாது, குளிர் வேறு. ஞாயிற்றுக்கிழமை குளோப் விறகுக்கட்டை மாதிரி கனமாக வாசலில் விழும். ஆச்சிக்குக் கண் மங்கல், பூதக்கண்ணாடி வைத்தும் சிரமம். ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பிடித்து, "உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, படி" என்று பேப்பரைக் கையில் திணித்தார்.

அப்படித்தான் பேஸ்பால் படித்தேன். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. 'அவுட்' என்ற வார்த்தையைத் தவிர எல்லாம் புதுசு. ஆச்சி ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு பந்துக்கும் குறியீடு எழுதக் கற்றுக்கொடுத்தார். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் ஆங்கில 'கே' போட வேண்டும். மட்டையை அசைக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே அவுட்டானால் அந்தக் 'கே'யைத் திருப்பிப் போட வேண்டும். அது ஒரு அவமானக் குறி. அத்தான் சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால், மறுநாள் நான் காலண்டரில் திருப்பிப் போட்ட 'கே' எழுதி வைப்பேன். இன்றுவரை அவருக்கு அது என்னவென்று தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு 'பேஸ்பால் குறிப்புகள்' என்று பெயர். கஃபார்டோவுக்கு வெகுகாலம் முன்பே பீட்டர் கேமன்ஸ் என்றொருவர் எழுதிப் பேர் வாங்கிய பக்கம் அது. இன்டர்நெட் இல்லாத காலத்தில் அதைக் கத்தரித்து வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் அனுப்புவார்களாம். பின்னால் அது கஃபார்டோவிடம் வந்தது. முழுப் பக்கம். மேலே ஒரு பெரிய கட்டுரை. அதற்குக் கீழே சம்பந்தா சம்பந்தமில்லாத துண்டுச் செய்திகள். அதற்கும் கீழே ஒன்பது பேரைப் பற்றிய சேதி. களத்தில் நிற்பது ஒன்பது பேர், அதனால் அந்தக் கணக்கு. இன்னார் தோள்பட்டை தேறிவருகிறது, இன்னாரை விற்க அணி ஆள் பார்க்கிறது, இன்னார் பயிற்சியாளர் வேலை தேடுகிறார். ரெட் சாக்ஸ் ஆள்தான் என்றில்லை, முப்பது அணியில் எவராக வேண்டுமானாலும் இருக்கலாம். அதில் நட்சத்திர ஆட்டக்காரரும் வருவார், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற 38 வயதுப் பிட்சரும் வருவார். டீக்கடை பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று கணக்கு உண்டா? அந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைசியில், பொடி எழுத்தில், பிறந்தநாள் வாழ்த்து. இந்த வாரம் யார் யாருக்குப் பிறந்தநாள், எத்தனை வயது. எல்லாம் பழைய ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள். ஒரு சீசன் ஆடிவிட்டு மறைந்துபோனவர்கள்கூட.

ஆச்சிக்கு நான் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். ஒரு பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஆளை எந்த வருஷம் எந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தோம், அன்று வீட்டுக்காரர் என்ன வாங்கிக்கொடுத்தார் என்று சொல்லுவார். ஞாபகம் வராத பெயர் வந்துவிட்டால் அன்று முழுக்க அவருக்கு முகம் சரியிருக்காது. "என்னை மாதிரி ஆளே மறந்துட்டா அவனை வேற எவன் ஞாபகம் வச்சிருப்பான்" என்பார். சாயங்காலம் படியேறி வந்து கதவைத் தட்டி, "ஞாபகம் வந்துடுச்சு, இடதுகைக்காரன்!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

கஃபார்டோவை அவர் "நம்ம லெட்ஜர் பையன்" என்றுதான் சொல்லுவார். பையனுக்கு அப்போதே ஐம்பது வயது.

2003இல் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்ற ராத்திரியை உனக்குச் சொல்லியிருக்கிறேன். களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினஸை எட்டாவது இன்னிங்ஸில் மாற்றாமல் விட்டார்கள், கையிலிருந்த ஆட்டம் போய்விட்டது. ஆச்சி இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. அடுத்த வருஷம் அதே யாங்கீஸோடு முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, மூன்றாவதில் 19-8. அதற்குப் பிறகு தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தார்கள். அதுவரை பேஸ்பாலில் எந்த அணியும் அப்படி மீண்டதில்லை. அங்கிருந்து இறுதிச் சுற்றுக்குப் போய், அக்டோபர் 27ஆம் தேதி செயின்ட் லூயிஸில் கோப்பையைத் தூக்கியபோது வானத்தில் சந்திர கிரகணம். 1918க்குப் பிறகு, 86 வருஷம் கழித்து வந்த கோப்பை. மறுநாள் காலை ஆச்சி பேப்பரோடு என் கதவைத் தட்டி, கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அப்போது நான் கார் ஓட்டப் பழகியிருந்தேன். அங்கே போனால், எங்களுக்கு முன்னாலேயே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். கல்லறைக்குக் கல்லறை தொப்பி, சிவப்புக் கொடி, மடித்துவைத்த அன்றைய பேப்பர். ஆச்சியும் வீட்டுக்காரர் கல்லறைமேல் குளோப்பை வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

நீயே சொல், உன் பேப்பரை எவராவது கல்லறைக்குக் கொண்டுபோவார்களா? கேலிக்குக் கேட்கவில்லை. இந்த ஊரில் அதற்கும் ஆள் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன்.

ஆச்சி போய் எட்டு வருஷம் ஆகிறது. பேப்பரை நான் நிறுத்தவில்லை. ஞாயிறு காலை காபி போட்டுக்கொண்டு பொடி எழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். கஃபார்டோ எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் ஒப்பிக்க முடியாது. அலங்காரம் கிடையாது, உவமை கிடையாது. குளோப்பிலேயே அவரைவிட வளைத்து வளைத்து எழுதக்கூடியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். எண்களை வைத்தே ஆட்டத்தைப் பிரித்து மேய்கிற புது ஆட்கள் வந்தபிறகு, இவர் எழுத்து பழைய ஆட்களின் எழுத்து என்று எனக்கே தோன்றியதுண்டு. சில வாரம் எரிச்சலும் வரும். "இன்ன அணி இன்னாரை வாங்கலாமாம்" என்று எழுதுவார். அந்த 'லாமாம்' யார் வாயிலிருந்து வந்தது, எதற்கு வந்தது? விலையை ஏற்றிவிட ஒரு ஏஜென்ட் இவர் காதில் போட்டதாகவும் இருக்கலாமே என்று நினைப்பேன். இன்னொன்று: 2013இலிருந்து குளோப்புக்கும் ரெட் சாக்ஸுக்கும் ஒரே முதலாளி, ஜான் ஹென்றி. தன் முதலாளியின் அணியைப் பற்றித் தன் முதலாளியின் பேப்பரில் எழுதுவது என்பது கயிற்றுமேல் நடக்கிற வேலை. உனக்கு நான் அதை விளக்க வேண்டாம்.

ஆனால் இவர் வேலை செய்த விதத்தை யோசித்துப் பார். அவர் பெரிய ஆட்களிடம் மட்டும் பேசியவர் இல்லை. மைதானத்தில் மட்டையடிக்கிறவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், மடியில் நோட்டும் கையில் வேகம் அளக்கிற துப்பாக்கியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கவுட்கள். ஊர் ஊராகத் தனியாகக் கார் ஓட்டி, மலிவான லாட்ஜில் தங்கி, எந்தப் பையன் தேறுவான் என்று பார்த்துச் சொல்கிறவர்கள். அவர்கள் பெயர் பேப்பரில் வராது. கம்ப்யூட்டர் வந்தபிறகு அவர்களுக்கு மதிப்பும் குறைந்துவிட்டது. கஃபார்டோ அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். அந்த முழுப் பக்கம் வாராவாரம் நிறைந்தது அப்படித்தான். ஒருநாள் அணியை விட்டுத் துரத்தப்பட்ட பயிற்சியாளருக்கும் மறுநாள் அதே மாதிரி போன் போடுகிற ஆளிடம்தான் ஜனங்கள் சேதி சொல்வார்கள். நல்லவராக இருந்தது வேறு, நல்ல நிருபராக இருந்தது வேறு என்று பிரிக்கப் பார்த்தேன். இவர் விஷயத்தில் பிரியவில்லை.

இறந்தபிறகு வந்த இரங்கல்களில் அதைப் பார்த்தேன். மேலாளர்கள், எதிர் அணிக்காரர்கள், போட்டிப் பத்திரிகைக்காரர்கள், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள், எல்லோரும் அவர் எழுத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு மிச்சத்தை அவர் குணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். முழுப் பக்கத்தை வாராவாரம் ஓட்டை விழாமல் நிரப்புவது குணத்தால் மட்டும் நடக்கிற காரியமா? உழைப்பு என்ற வார்த்தையைக் கொஞ்சம் முன்னால் போட்டிருக்கலாம்.

ஃபோர்ட் மயர்ஸில் அவர் விழுந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பிப்ரவரியில் இங்கே பனி, அதனால் அணிகள் ஃப்ளோரிடாவிலோ அரிசோனாவிலோ போய்ப் பயிற்சி எடுக்கும். ரெட் சாக்ஸுக்கு அங்கே 2012இல் திறந்த மைதானம் ஒன்று இருக்கிறது, ஜெட்புளூ பார்க் என்று பெயர். பாஸ்டனில் இருக்கும் அவர்கள் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கின் அச்சு. அந்த உயரமான இடதுபக்கச் சுவரைக்கூட அங்கே எழுப்பி வைத்திருக்கிறார்கள். போன அக்டோபரில்தான் 108 வெற்றியோடு சீசனை முடித்து, லாஸ் ஏஞ்சலஸ் அணியைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்கள். ஜெயித்த அணி, வெயில், பயிற்சி ஆட்டங்கள்கூட இன்னும் தொடங்காத வாரம். மைதானத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. எனக்குப் புரிகிறது, அவர் ஏன் போனார் என்று. வீட்டில் இருந்தால் நீயும் அப்படித்தானே ஜன்னல் பக்கம் நடந்துகொண்டே இருப்பாய்.

ரயிலில் அந்தச் செய்தியை நான் பார்த்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் ரெட் சாக்ஸ் தொப்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கா?" என்றார். தலையாட்டினேன். வேறொன்றும் பேசவில்லை. குவின்ஸி சென்டரில் இறங்கும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அதுவரை அடக்கி வைத்திருந்தேன். அதன்பிறகுதான் நீ கேட்ட அந்தத் தொண்டை.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நான் பிரிக்கவில்லை. இன்றையதையும். இரண்டும் பிளாஸ்டிக் உறையோடு இந்த மேஜைமேல்தான் கிடக்கின்றன. வேறு யாராவது அந்தப் பக்கத்தை எழுதுவார்கள், நன்றாகவும் எழுதுவார்கள். பிரிப்பேன், இப்போது முடியாது.

லீவு எடு, டாக்டரிடம் காட்டு என்றெல்லாம் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினாலும் நீ கேட்க மாட்டாய். நீ லீவு நாளிலும் மைதானத்துக்குத்தான் போவாய். அதனால் உன் கையால் ஆகிற ஒன்றைக் கேட்கிறேன்.

நம் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தாரே ஒரு மாமா, ஜில்லா அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவர். இரண்டு விரல் கோணிப்போய், பஞ்சர் ஒட்டும்போது டியூபைப் பிடிக்கச் சிரமப்படுவார். நீ சின்னப் பையனாக அந்த விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். அவர் ஆடியதைப் பற்றி ஒரு வரி எந்தப் பேப்பரிலும் நான் பார்த்ததில்லை. உன் ஆசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் இடம் கேள். பொடி எழுத்து போதும். அந்த வாரம் பிறந்தநாள் வருகிற பழைய ஆட்டக்காரர்களின் பெயர், வயது, எந்த அணி, அவ்வளவுதான். முதலில் அந்த மாமா வீட்டுக்குப் போய் அவருடைய தேதியைக் கேட்டு வா. ஆவணியில் என்று அம்மா சொல்லிய ஞாபகம்.

இப்படிக்கு,
உன் அக்கா